பதிவேட்டில் இருந்த ஒரு வரி



நவம்பர் 20 உலகச் சிறுவர் தினம். 1989-ஆம் ஆண்டு அந்நாளிலேயே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. இலங்கை 1991 யூலையிலும், கனடா அதே ஆண்டு டிசம்பரிலும் அதற்கு ஏற்புறுதி அளித்தன. இத்தினத்தை முன்னிட்டு உங்களோடு ஒரு வரலாற்றைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அது அந்தச் சமவாயத்தின் வரலாறு அன்று. நாம் குடியேறி வாழும் கியூபெக்கில், பிள்ளைகளைப் பற்றி எழுதப்பட்ட ஒரே ஒரு வாக்கியம் ஏனைய சட்டங்களுக்குள் எவ்வாறு இறங்கி அவற்றை மாற்றியது என்பதன் வரலாறு. அது தொடங்கும் இடம் ஒரு பங்கின் திருமுழுக்குப் பதிவேடு.

இலங்கையிலிருந்து நீங்கள் கொண்டுவந்த பிறப்புச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தந்தையின் விபரமும் தாயின் விபரமும் எழுதப்பட்ட பின்னர், பெற்றார் விவாகஞ் செய்தவர்களா என்று கேட்கும் கட்டம் ஒன்று இருக்கும். அதில் 'ஆம்' என்று எழுதப்பட்டவர்கள் பெரும்பாலும் அதனைக் கவனித்திருக்க மாட்டார்கள். 'இல்லை' என்று எழுதப்பட்ட பிள்ளைக்கு அதனை மறக்க வழியில்லை. பள்ளியில் சேரும்போதும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், திருமணம் பேசும்போதும் அந்தக் காகிதத்தை நீட்ட வேண்டியிருக்கும். தான் செய்யாத ஒன்றுக்கு அப்பிள்ளை வாழ்நாள் முழுவதும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கியூபெக்கில் அந்தக் கட்டத்தை நிரப்பியவர்கள் அரசாங்க அலுவலர்கள் அல்லர். எங்களைப் போன்ற குருக்கள். பிரெஞ்சு ஆட்சிக்காலம் தொட்டு, கத்தோலிக்கரின் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பங்குத்தந்தையே இரண்டு பிரதிகளாக எழுதிவந்தார். ஒன்று பங்கில் இருக்கும். மற்றது ஆண்டிறுதியில் நீதிமன்றத்துக்குச் செல்லும். ஆகவே திருமுழுக்குப் பதிவே பிறப்புப் பதிவாகவும் இருந்தது. நோத்ர-டாம்-த-கிரேஸ் 1910-இல் மொன்றியல் நகரோடு இணைக்கப்படுவதற்கு முன்னரும் பின்னரும் இங்கு பிறந்த கத்தோலிக்கப் பிள்ளைகளின் சட்டபூர்வ அடையாளம் ஒரு குருவின் கையெழுத்திலேயே தொடங்கியது. மணமாகாத தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகள் பலரின் பதிவில், பெற்றோர் அறியப்படாதவர்கள் என்ற வரி எழுதப்பட்டது. பல வேளைகளில் தாய் யாரென்று நன்றாகத் தெரிந்திருந்தும் அவ்வாறே எழுதப்பட்டது.

அந்த வரி வெறும் விபரமாக நின்றுவிடவில்லை. 1866-இல் நடைமுறைக்கு வந்த கீழ்க் கனடாவின் குடியியல் சட்டக்கோவை அதற்குப் பொருள் தந்தது. மணவாழ்வுக்கு வெளியே பிறந்த பிள்ளை தன்னைப் பெற்றவர்களிடம் பராமரிப்புக் கேட்கலாம்; ஆனால் அவர்கள் இறுதிவிருப்பம் எழுதாமல் இறந்தால் சொத்துரிமை கோர முடியாது. பெற்றோர் பின்னர் ஒருவரையொருவர் மணந்துகொண்டால் அப்பிள்ளை சட்டப்படியான பிள்ளையாகலாம். பிறன்மனை உறவிலோ தகாத இரத்த உறவிலோ பிறந்த பிள்ளைக்கு அந்த வழியும் அடைக்கப்பட்டிருந்தது. பெற்றவர்கள் உயிரோடிருக்கும்போது விரும்பிக் கொடுக்கும் நன்கொடைகூடப் பராமரிப்புச் செலவை மீற முடியாது என்று அக்கோவை விதித்தது. பெரியவர்களின் பாவத்தைத் தண்டிக்கிறோம் என்று எண்ணியவர்கள் பிள்ளையின் தட்டில் கைவைத்தார்கள்.

இத்தகைய நிலையில் தாய்மார் எங்கே போவார்கள்? மொன்றியலில் அவர்களுக்கு முதலில் கதவைத் திறந்தவர் ரோசலி காட்ரோன்-ஜெத்தே என்ற விதவைப் பெண். பதினொரு பிள்ளைகளைப் பெற்றெடுத்த அவர், ஆயர் இஞ்ஞாஸ் பூர்ஜேயின் அழைப்பை ஏற்று, 1848-இல் இரக்கத்தின் அருட்சகோதரிகள் சபையைத் தொடங்கினார். ஊரார் ஏசினார்கள், அவர் பணியை நிறுத்தவில்லை. அவரது இரக்கம் உண்மையானது. 2013-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். ஆயினும் இரக்கம் ஒரு வீட்டுக்குள் இருக்க, சட்டம் அந்த வீட்டுக்கு வெளியே நின்றது. தாய் தன் பெயரை மறைத்து வெளியேறினாள். பிள்ளை பெயரற்ற பெற்றோரின் பிள்ளையாகக் குழந்தைகள் இல்லத்துக்குச் சென்றது.

அங்கிருந்து ஒரு குடும்பத்துக்குச் செல்ல வேண்டுமானால் தத்தெடுப்பு வேண்டும். கியூபெக்கின் முதலாவது தத்தெடுப்புச் சட்டம் 1924-இல்தான் வந்தது. மறு ஆண்டில் திருத்தப்பட்ட அச்சட்டம் பிள்ளையின் மதமும் தத்தெடுப்பவரின் மதமும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று கேட்டது. இல்லங்களில் இருந்த பிள்ளைகளோ பல்லாயிரம். அவர்களை ஏற்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் குறைவு. குறைபாடோடு பிறந்த பிள்ளைகளையும் வளர்ந்துவிட்ட பிள்ளைகளையும் கேட்டு வருவோர் மிகக் குறைவு. தத்தெடுக்கப்படாத பிள்ளை அநாதை இல்லத்திலேயே வளர்ந்தது.

அடுத்த படி மிகக் கொடியது. மனநோய் மருத்துவமனையில் இருக்கும் ஒருவருக்காக அரசாங்கம் நாளொன்றுக்குக் கொடுத்த பணம், அநாதை இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்காகக் கொடுத்ததைவிட இரு மடங்குக்கும் அதிகம். மொன்றியலின் ரிவியேர்-டே-பிரெய்ரி பகுதியில் இறைபராமரிப்பின் அருட்சகோதரிகள் 1950-இல் மோன்-ப்ரொவிடான்ஸ் என்ற கல்வி நிலையத்தைத் திறந்திருந்தனர். 1954-இல், முதல்வர் மொறிஸ் டியூப்லெசியின் ஆட்சியில், அது மனநோய் மருத்துவமனையாக மாற்றப்பட்டது. நேற்று மாணவராக இருந்த பிள்ளைகள் இன்று நோயாளிகளானார்கள். வகுப்புகள் நின்றன. வேறு இல்லங்களிலிருந்தும் நலமான பிள்ளைகள் மனநோயாளர் என்ற பெயரோடு பல மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டனர். இவர்களையே வரலாறு 'டியூப்லெசியின் அநாதைகள்' என்று அழைக்கிறது. அவர்களுள் பெரும்பாலானோர் அநாதைகளே அல்லர். மணமாகாத தாய்மாரின் பிள்ளைகள்.

இதனைச் சற்று நின்று பாருங்கள். பிள்ளைகளைப் பைத்தியக்கார விடுதியில் அடையுங்கள் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பதிவேட்டுச் சட்டம் ஒரு வரியை எழுதச் சொன்னது. வாரிசுச் சட்டம் அந்த வரிக்குப் பங்கில்லை என்றது. தத்தெடுப்புச் சட்டம் மதத்தைப் பார்த்தது. நிதி ஒழுங்கு படுக்கைகளை எண்ணியது. ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால், அதனை வரைந்தவர் தமக்குரிய நியாயத்தைச் சொல்லியிருப்பார். அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டபோது அது பிள்ளையின் காலில் பூட்டிய சங்கிலியாயிற்று.

1962-இல் பெடார்ட் குழுவின் அறிக்கை, கியூபெக்கின் மனநோய் மருத்துவமனைகளில் அங்கே இருக்கத் தேவையில்லாதவர்கள் பெருந்தொகையாய் அடைபட்டிருப்பதை வெளிக்கொணர்ந்தது. வெளியே வந்த அந்தப் பிள்ளைகள் நடுத்தர வயதை எட்டிய பின்னரே உலகம் அவர்களுக்குச் செவிசாய்த்தது. 1999 மார்ச்சில் முதல்வர் லூசியான் பூஷார் அரசின் பெயரால் மன்னிப்புக் கோரினார். 2001-இல் ஒவ்வொருவருக்கும் 10,000 டொலரும், தவறாக அடைக்கப்பட்டிருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் மேலும் 1,000 டொலரும் வழங்க அரசு முன்வந்தது. கியூபெக் ஆயர்களோ 1999 செப்டம்பரில் மன்னிப்புக் கோர மறுத்தனர்; துறவியர் செய்த பணிக்கு அது இழுக்காகும் என்பது அவர்களின் நிலைப்பாடு. துறவியருள் பலர் தங்கள் வாழ்வையே அப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. அப்பிள்ளைகளின் காயமும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மூட முடியாது என்பது எனது கருத்து.

இனி, சங்கிலி எவ்வாறு அவிழ்ந்தது என்பதைப் பார்ப்போம். 1975-இல் கியூபெக் நிறைவேற்றிய மனித உரிமைகள் சாசனம், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதுகாப்புக்கும் கவனிப்புக்கும் உரிமை உண்டு என்றது. 1977-இல், சட்டக்கோவையில் இருந்த 'தந்தையின் அதிகாரம்' என்ற சொல் 'பெற்றோரின் அதிகாரம்' என்று மாறியது. தாயும் சமமாக உள்ளே வந்தார். அதே ஆண்டின் இறுதியில் இளையோர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பின்னர் 1980 டிசம்பரில் குடும்பச் சட்டச் சீர்திருத்தம் வந்தது. அதன் பெரும்பகுதி 1981 ஏப்ரல் 2-இல் நடைமுறைக்கு வந்தது. அதில்தான் நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட வாக்கியம் இருந்தது. அதன் கருத்து இதுதான்: பெற்றோர் யாரென்று நிறுவப்பட்ட பிள்ளைகள் அனைவரும், எந்தச் சூழலில் பிறந்திருந்தாலும், ஒரே உரிமைகளும் ஒரே கடமைகளும் உடையவர்கள். இன்று அது குடியியல் சட்டக்கோவையின் 522-ஆம் உறுப்புரையாக இருக்கிறது.

படிப்பதற்கு ஒரு மூச்சுக்கூட ஆகாது. ஆனால் அந்த வாக்கியம் போன இடங்களைப் பாருங்கள். அது வாரிசுச் சட்டத்துக்குள் சென்று, மணவாழ்வுக்கு வெளியே பிறந்த பிள்ளையையும் உடன்பிறந்தோரோடு ஒரே வரிசையில் நிறுத்தியது. பிறப்பால் பிள்ளைகளைத் தரம் பிரித்த பழைய சொற்கள் சட்டக்கோவையிலிருந்தே மறைந்தன. ஒரு பிள்ளையைப் பற்றி எடுக்கப்படும் முடிவுகளில் அப்பிள்ளையின் நலனும் உரிமைகளுமே தீர்மானிக்கும் காரணமாக வேண்டும் என்ற விதியும் அதே சீர்திருத்தத்தோடு வந்தது. பெயர் பற்றிய விதியும் மாறியது. பிள்ளை தந்தையின் குடும்பப் பெயரையோ தாயின் குடும்பப் பெயரையோ இரண்டையுமோ பெறலாம்.

இந்தக் கடைசி மாற்றம் தமிழருக்கு எவ்வளவு நெருக்கமானது என்று எண்ணிப் பாருங்கள். நம் வழக்கில் பெயருக்கு முன் நிற்கும் எழுத்து தந்தையின் எழுத்து. "முன்னெழுத்து என்ன?" என்ற சாதாரணக் கேள்வி, சில பிள்ளைகளுக்கு நெஞ்சில் குத்தும் கேள்வி. போரில் தந்தையை இழந்த பிள்ளைக்காவது சொல்வதற்கு ஒரு பெயர் உண்டு. தந்தையால் மறுக்கப்பட்ட பிள்ளைக்கு அதுவும் இல்லை. தாயின் பெயரை முழு உரிமையோடு சூட்டலாம் என்று சட்டம் சொன்னபோது, அந்தக் கேள்விக்கு வெட்கப்படாமல் சொல்லக்கூடிய பதில் ஒன்று கிடைத்தது.

புதிய குடியியல் சட்டக்கோவை 1994 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தபோது பதிவேடும் எங்கள் கையைவிட்டுப் போனது. அன்றிலிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைக் குடிநிலைப் பணிப்பாளர் என்ற அரச அதிகாரியே பதிகிறார். பிள்ளை பிறந்து முப்பது நாட்களுக்குள் பெற்றோர் அவரிடம் அறிவிக்க வேண்டும். நான் தரும் திருமுழுக்குச் சான்றிதழைக் கடவுச்சீட்டுக்கு ஏன் ஏற்கவில்லை என்று உங்களுள் சிலர் கேட்பதற்கு இதுவே விடை. திருச்சபை ஓர் அதிகாரத்தை இழந்ததாகச் சிலர் வருந்தினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்போது எங்கள் பதிவேடு ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது: இந்தப் பிள்ளை கடவுளின் பிள்ளை.

திருச்சபையின் சட்டமும் அசையாமல் இருந்துவிடவில்லை. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, முறையான திருமணத்தில் பிறக்காத ஆண்மகன் குருத்துவம் பெறுவதற்கு அவனது பிறப்பையே தடையாகக் கூறியது. தடையிலிருந்து விலக்குப் பெற்றாக வேண்டும். ஆயர் நிலையும் கர்தினால் நிலையும் அவனுக்கு மூடப்பட்டிருந்தன. புனித இரண்டாம் யோவான் பவுல் 1983-இல் அறிவித்த புதிய தொகுப்பில் அந்தத் தடைகள் இல்லை. முறையான பிள்ளை என்ற சொல் அதில் இன்னும் இருக்கிறது. அதனால் எவரும் இழப்பது எதுவும் இல்லை. குழந்தையின் திருமுழுக்குக்குப் பெற்றோரின் சம்மதமும், அது விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நியாயமான நம்பிக்கையும் வேண்டும். பெற்றோர் மணமானவர்களாய் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சட்டத்தில் இல்லை.

ஒரு சட்டம் நேராகும்போது அதனருகே இருக்கும் சட்டத்தின் கோணல் தெரியவரும். கியூபெக்கில் பிள்ளைகள் சமமானார்கள்; அவர்களின் வீடுகள் சமமாகவில்லை. மணமான பெற்றோர் பிரிந்தால் குடும்ப வீடு போன்றவற்றின் பெறுமதி பகிரப்படும். மணமாகாதவர்கள் பிரிந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. 'எரிக் – லோலா' என்று புனைபெயரால் அறியப்பட்ட வழக்கில், 2013-இல் கனடிய உச்ச நீதிமன்றம் அந்த வேறுபாடு அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று தீர்த்தது. ஆனால் இன்று இம்மாகாணத்தில் பிறக்கும் பத்துப் பிள்ளைகளுள் ஆறுக்கும் மேற்பட்டோர் மணமாகாத பெற்றோருக்குப் பிறக்கின்றனர். தாயின் கூரை போனால் பிள்ளையின் கூரையும் போகும். 2024-இல் நிறைவேறிய 'பெற்றோர் ஒன்றியம்' பற்றிய சட்டம், 2025 யூன் 30 முதல் பிறக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு, மணமாகாவிட்டாலும், குடும்ப வீடு, வீட்டுத் தளபாடம், வாகனம் ஆகியவற்றைப் பகிரும் கடமையை விதிக்கிறது. திருமணம் ஒரு திருவருட்சாதனம் என்று போதிக்கும் நான் இதனை வரவேற்கிறேன். திருமணத்தைத் தாங்கிப் பிடிப்பதற்காக ஒரு பிள்ளை வீடிழக்க வேண்டியதில்லை.

மறைக்கப்பட்ட வரிகளும் திறக்கத் தொடங்கின. 2017-இல் தத்தெடுப்புப் பற்றிய சட்டங்கள் திருத்தப்பட்டு, 2018 யூன் முதல், தத்தெடுக்கப்பட்டவர் தம்மைப் பெற்றவர்களின் பெயரைக் கேட்டறியும் உரிமை விரிவாக்கப்பட்டது. பெற்றோர் அறியப்படாதவர்கள் என்ற வரியோடு வாழ்ந்த முதியவர்கள் தம் தாயின் பெயரை முதன்முறையாக வாசித்தார்கள். 2023-இல் வந்த இன்னொரு சட்டம், பாலியல் வன்முறையால் பிறந்த பிள்ளைக்கும் தந்தைக்கும் இடையே சட்ட உறவு ஏற்படாமல் தடுக்க வழிசெய்தது. ஆனால் குற்றம் செய்தவன் பிள்ளையின் தேவைகளுக்குப் பணம் செலுத்தும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்றது.

நம் இல்லங்களில் அச்சத்தோடு பேசப்படும் இளையோர் பாதுகாப்புச் சட்டத்தையும் இந்த வரலாற்றில் வைத்தே பார்க்க வேண்டும். அதுவும் தனியே நிற்கவில்லை. மருத்துவரும் உளவியலாளரும் காக்க வேண்டிய தொழில் இரகசியத்தை, பிள்ளைக்கு ஆபத்து என்றால் அது விலக்கிவிடுகிறது. 1994-இன் சட்டக்கோவை, பிள்ளையை அளவோடு தண்டித்துத் திருத்தும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்ற பழைய விதியைக் கைவிட்டது. கனடாவின் குற்றவியல் சட்டத்தின் 43-ஆம் பிரிவோ நியாயமான அளவில் பலம் பயன்படுத்தியவருக்கு இன்னும் ஒரு தற்காப்பைத் தருகிறது. 2004-இல் உச்ச நீதிமன்றம் அதன் எல்லையை மிகவும் குறுக்கியது. பழங்குடிப் பிள்ளைகளின் வதிவிடப் பாடசாலைகளை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2015-இல் அப்பிரிவையே நீக்குமாறு கேட்டது. "அடியாத மாடு படியாது" என்று கேட்டு வளர்ந்த நாம், பிள்ளை மாடு அன்று என்பதைச் சட்டம் சொல்லித்தான் அறிய வேண்டுமா?

2019 ஏப்ரலில் கிரான்பி நகரில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். அவளுடைய நிலை பாதுகாப்புத் துறைக்கு முன்னரே தெரிந்திருந்தது. றெஜின் லோரான் தலைமையிலான ஆணைக்குழு இரண்டு ஆண்டுகள் விசாரித்து 2021 மே மாதம் அறிக்கை தந்தது. 2022-இல் நிறைவேறிய சட்டம், பிள்ளையின் நலனே முதன்மையானது என்று உறுதிசெய்தது. அச்சட்டத்தின் பெயரே நாம் பேசிவந்ததைச் சொல்லும்: 'இளையோர் பாதுகாப்புச் சட்டத்தையும் ஏனைய சட்ட ஏற்பாடுகளையும் திருத்தும் சட்டம்'. பெயரின் பின்பகுதியை எவரும் ஊன்றிப் படிப்பதில்லை. ஆனால் வேலை நடப்பது அங்கேதான். பிள்ளைக்கு உரிமை உண்டு என்று முன்பக்கத்தில் எழுதிவிட்டு ஏனைய புத்தகங்களை அப்படியே வைத்திருந்தால், அந்த உரிமை நல்லெண்ணமாகவே தங்கிவிடும்.

பங்குமக்களே, எந்த நாடாளுமன்றமும் திருத்த முடியாத ஒரு சட்டம் இருக்கிறது. அது நம் வாயில் இருக்கிறது. "அது எப்படிப் பிறந்த பிள்ளை தெரியுமா?" என்று கோவில் வாசலில் தாழ்ந்த குரலில் சொல்லப்படும் வாக்கியம், பழைய பதிவேட்டின் வரியைவிடக் கொடியது, அதனைத் திருத்தும் அதிகாரி எவரும் இல்லை. அந்த வாக்கியத்துக்கு அஞ்சியே ஒரு மகள் தன் குழந்தையோடு கோவிலுக்கு வராமல் நிற்கிறாள். அதற்கு அஞ்சியே ஒரு பாட்டி தன் பேரனை ஊர் உறவுகளிடம் மறைக்கிறாள்.

மத்தேயு நற்செய்தியின் தொடக்கத்தில் உள்ள தலைமுறை அட்டவணையை வாசித்துப் பாருங்கள். தாமார் அங்கே இருக்கிறாள், இராகாபு இருக்கிறாள், உரியாவின் மனைவியும் இருக்கிறாள். நம் ஊரில் என்றால் அப்பெயர்களை மறைத்திருப்போம். அட்டவணையின் முடிவில், தன்னால் பிறவாத பிள்ளைக்குப் பெயரிட்டு, அதனால் சட்டத்தின் முன் தந்தையாகிய யோசேப்பு நிற்கிறார். ஊர் என்ன சொல்லும் என்று அவர் காத்திருக்கவில்லை.

திருமுழுக்கு வேண்டி வருகிறவர்கள் தயக்கமின்றி வாருங்கள். மணமாகாமல் பிள்ளை பெற்ற மகள் உங்கள் வீட்டில் இருந்தால் அவளையும் குழந்தையையும் முன்வரிசைக்கு அழைத்து வாருங்கள். வருகிறவர்களை ஏனையோர் எழுந்து நின்று வரவேற்றுப் பழகுங்கள். பிள்ளைகளை அணைத்து ஆசீர்வதித்த ஆண்டவர் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக.

இறையன்பில்,
உங்கள் பங்குத்தந்தை